அல்டாப்ராவுக்குப் போவது எப்படி: அனுமதிக் கடிதம் முதல் ஓதக் கணக்கு வரை

அல்டாப்ராவில் விமான ஓடுதளம் இல்லை, படகுத்துறை இல்லை, விடுதி இல்லை, கடை இல்லை. வற்றாத நன்னீர் ஊற்றும் இல்லை. இந்தியப் பெருங்கடலில் செஷல்ஸ் நாட்டின் தென்மேற்கு ஓரத்தில், தலைநகர் இருக்கும் மாஹே தீவிலிருந்து சுமார் 1,100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது இந்தப் பவளத்தீவு வளையம். மடகாஸ்கரிலிருந்து ஏறத்தாழ 420 கிலோமீட்டர். குடியிருப்பவர்கள் யாரும் கிடையாது. பிக்கார் தீவிலுள்ள ஆய்வு நிலையத்தில் முறைவைத்து வேலை பார்க்கும் சிறு குழு மட்டும் உண்டு. கூடவே சுமார் ஒரு லட்சம் ராட்சத ஆமைகள்.

1960களில் இங்கே பிரிட்டிஷ் ராணுவம் விமானத் தளம் அமைக்கத் திட்டமிட்டது. விஞ்ஞானிகள் போட்ட கூச்சலும் பணத்தட்டுப்பாடும் சேர்ந்து 1967இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 1981இல் சிறப்புக் காப்பகம், 1982இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களம். 1979இல் தொடங்கப்பட்ட செஷல்ஸ் ஐலண்ட்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளைதான் நிர்வாகம். சுருக்கமாக எஸ்.ஐ.எஃப். அவர்கள் அனுமதி இல்லாமல் கரையில் கால் வைக்க முடியாது.

இந்தப் பயணத்தை இரண்டு விஷயங்கள்தான் தீர்மானிக்கின்றன. ஒன்று, நீங்கள் கொண்டுபோகும் பொருள்களின் சுத்தம். இன்னொன்று, கடலின் ஏற்றவற்றம். பணம், கேமரா, உடல்வலு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதல் முடிவு: எந்தக் கப்பலில்?

மூன்று வழிகள் இருக்கின்றன. பெரும்பாலானோருக்கு ஏற்றது, கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரைக்கும் செஷல்ஸுக்கும் இடையே ஓடும் சிறிய பயணக் கப்பல். சான்சிபாரில் ஏறி மாஹேயில் இறங்குவது போன்ற தடங்களில், அல்டாப்ராவுக்கு இரண்டு மூன்று நாள் ஒதுக்கியிருப்பார்கள். இரண்டாவது, மாஹேயிலிருந்து பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும், தங்கிப் பயணிக்கும் படகு. மூன்றாவது சொந்தப் பாய்மரப் படகு. இதற்கு முதலில் மாஹேயில் விக்டோரியா துறைமுகத்தில் நாட்டுக்குள் நுழையும் நடைமுறைகளை முடித்துவிட்டு, முன்கூட்டி வாங்கிய அனுமதியுடன்தான் தெற்கே இறங்க முடியும். நேரே அல்டாப்ராவுக்கு வந்து நங்கூரம் போட்டுவிட்டு அனுமதி கேட்டால் கிடைக்காது.

தூரத்தைக் குறைத்து எடைபோட வேண்டாம். 1,100 கிலோமீட்டர் என்பது சுமார் 600 கடல் மைல். 12 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 12 கடல் மைல் வேகத்தில் போகும் கப்பலுக்கு 50 மணி நேரம். 8 நாட் வேகப் படகுக்கு 75 மணி நேரம், அதாவது மூன்று பகல் மூன்று இரவு, அதுவும் கடல் ஒத்துழைத்தால். ஆகவே மாஹேயிலிருந்து சிறிய படகில் போய்த் திரும்புகிறவர்கள் 10 நாளுக்குக் குறைத்துத் திட்டமிட்டால், தீவில் நிற்பதைவிடக் கடலில் ஆடுவதுதான் அதிகமாக இருக்கும்.

சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அஸம்ப்ஷன் தீவில் ஓடுதளம் உண்டு. அங்கே சிறு விமானத்தில் இறங்கி, காத்திருக்கும் படகில் ஏறிக்கொள்ளும் ஏற்பாடு சில வாடகைப் பயணங்களில் உண்டு. நாள் மிச்சம்தான், ஆனால் செலவு பல மடங்கு. அந்தத் தீவுக்கும் தனி அனுமதி வேண்டும்.

முன்பணம் கட்டும் முன் ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டியவை:

- எஸ்.ஐ.எஃப். அனுமதி கையில் இருக்கிறதா, விண்ணப்பித்திருக்கிறார்களா? இரண்டும் ஒன்றல்ல.
- காப்பகக் கட்டணம் பயணச் சீட்டுக்குள் அடங்குமா? அது தலைக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று வசூலிக்கப்படுகிறது.
- அல்டாப்ராவுக்கு ஒதுக்கியிருப்பது எத்தனை நாள்? ஒரே ஒரு நாள் என்றால் தள்ளிவிடுங்கள். காற்று திரும்பினால் அந்த ஒரு நாளும் போயிற்று.
- ரப்பர் படகுகள் எத்தனை? பயணிகள் எல்லோரையும் ஒரே நடையில் இறக்க முடியுமா?
- கப்பலில் மருத்துவர் உண்டா?

இறங்க முடியாமல் போனால் பணம் திரும்பக் கிடைக்குமா என்றும் கேட்கலாம். கிடைக்காது என்பதுதான் அநேகமாகப் பதில். கேட்டு வைத்துக்கொண்டால் பிறகு சண்டை இருக்காது.

செலவு பல லட்சம் ரூபாய் என்பதை மறைக்க ஒன்றுமில்லை. அது கட்டுப்படியாகாதவர்கள் மாஹே பக்கத்துப் பிராலின் தீவுக்கு அருகிலுள்ள கசின், அரீத் ஆகிய இரண்டு காப்பகத் தீவுகளுக்கு ஒரே நாளில் போய்த் திரும்பலாம். அங்கும் ஆள் குடியிருப்பில்லை, கடற்பறவைகள் கைக்கெட்டும் தூரத்தில் கூடு கட்டியிருக்கும். கசினில் ராட்சத ஆமைகளும் உண்டு. நீங்கள் வரும் படகு கரையைத் தொடாது. தீவின் சொந்தப் படகு வந்து ஏற்றிக்கொள்ளும். எலி ஏறிவந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. பிராலினிலேயே இருக்கும் வலே டி மே பனங்காட்டுக்குப் போய் நுழைவுச்சீட்டு வாங்கினாலும் அல்டாப்ராவுக்கு உதவியதாகும். அந்த வருமானத்தில்தான் எஸ்.ஐ.எஃப். அல்டாப்ராவைப் பராமரித்து வருகிறது.

எந்த மாதம்

ஏறத்தாழ மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று. மழை குறைவு, ஆனால் கடல் கொந்தளிக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை வடமேற்குப் பருவக்காற்று, மழைக்காலம். இரண்டுக்கும் நடுவில் காற்று மாறும் இடைவெளி: மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல், பிறகு நவம்பர். பயணக் கப்பல்கள் இந்த இடைவெளிகளைச் சுற்றித்தான் வருகின்றன.

காற்றுத் திசைக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. இறங்குமிடமான பிக்கார் வளையத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. தென்கிழக்குக் காற்று அடித்தால் அந்தக் கரை மறைவில் இருக்கும், அலை அடங்கி இருக்கும். வடமேற்குக் காற்று என்றால் அலை நேரே அந்தக் கரையில் வந்து மோதும். அதனால்தான் வானம் பளிச்சென்று இருக்கும் நாளில்கூட, "இன்று இறங்க முடியாது" என்று கப்பல் தலைவர் சொல்லக்கூடும்.

மழைக்காலத்தின் முடிவில், மார்ச்-ஏப்ரல் வாக்கில், தரை பச்சை பிடித்து ஆமைகள் சுறுசுறுப்பாக மேயும். தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள். வறட்சி முற்றிய அக்டோபரில் அவை பெரும்பாலும் நிழலைவிட்டு நகராது.

காகிதங்கள்

செஷல்ஸுக்கு விசா தேவையில்லை, ஆனால் பயணத்துக்கு முன் இணையத்தில் பயண அங்கீகாரம் வாங்கியாக வேண்டும். துபாய், தோஹா, அடிஸ் அபாபா வழியாக விமானங்கள் உண்டு. வேறு நாட்டுத் துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறவர்கள், அந்த நாட்டு விசாவோடு, செஷல்ஸ் நுழைவு முத்திரை எங்கே எப்போது விழும் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கென்யா, எத்தியோப்பியா வழியாகப் போய் வருகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழில் கவனமாக இருக்க வேண்டும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். அந்நோய் இருக்கும் நாடுகளிலிருந்து சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இந்த ஊசி போடுகிறார்கள். எல்லா நாளும் போடுவதில்லை, விசாரித்துவிட்டுப் போங்கள்.

காப்பீட்டுப் பத்திரத்தில் "தொலைதூர இடத்திலிருந்து மருத்துவ வெளியேற்றம்" என்ற இனம் இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் படியுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு கப்பலிலிருந்து ஆளை இறக்கும் செலவை ஏற்பதில்லை. முக்குளிக்கிறவர்களுக்கு அதற்கென்று தனிக் காப்பீடு.

சாமான்களைச் சுத்தம் செய்வது

பலர் அரைமணி நேரத்தில் முடித்துவிடும் வேலை இது. ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும்.

காரணத்தை அறிந்தவர்கள் அலுத்துக்கொள்ள மாட்டார்கள். அல்டாப்ராவில் மனிதர் விட்ட ஆடுகள் பெருகி, ஆமைகளின் தீவனத்தையும் நிழல் தரும் புதர்களையும் தின்று தீர்த்தன. பல கட்டங்களாக வேட்டையாடி, 2012இல்தான் கடைசி ஆடுகளை ஒழித்தார்கள். நீலகிரிப் பக்கம் நமக்குப் பழக்கமான செம்மீசைச் சின்னான், மொரீஷியஸ் வழியாக அஸம்ப்ஷன் தீவுக்குக் கொண்டுவரப்பட்டுப் பல்கிப் பெருகியது. அல்டாப்ராவுக்குத் தாவிவிடும் என்ற பயத்தில் ஒவ்வொன்றாக வலைபோட்டும் சுட்டும் அழிக்க வேண்டியதாயிற்று. எலியும் பூனையும் இன்னும் அங்கே ஒழிந்தபாடில்லை. ஒரு விதை, ஒரு எறும்புக் கூட்டம், ஒரு பல்லி முட்டை போதும்.

எனவே வரிசையாக:

1. காலணிகளின் அடிப்பகுதிப் பள்ளங்களில் இருக்கும் மண்ணை ஊசியாலும் பழைய பல்துலக்கியாலும் கிளறி எடுங்கள். சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வெயிலில் முழுதாகக் காய வையுங்கள். நாக்கைத் தூக்கி உள்ளேயும், கயிறு கோக்கும் துளைகளிலும் பாருங்கள். புதுச் செருப்பு வாங்கினாலும் இதே வேலைதான்.
2. ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) உள்ள எல்லாவற்றையும் விளக்கடியில் வைத்துப் பாருங்கள். நாயுருவி, ஒட்டுப்புல் போன்றவற்றின் விதை அதில் மாட்டிக்கொண்டால் உதறி எடுக்க முடியாது. சிறு இடுக்கியால் பிடுங்க வேண்டும்.
3. முதுகுப்பையை உள்வெளியாகத் திருப்பித் தூசி உறிஞ்சியால் மூலை முடுக்கெல்லாம் இழுங்கள். கேமராப் பையின் தடுப்புகளைக் கழற்றி அடியில் பாருங்கள்.
4. கேமரா முக்காலியின் கால்களை முழுதாக நீட்டி, பூட்டு வளையங்களைக் கழுவுங்கள். கைத்தடியின் முனை உறையையும் கழற்றுங்கள்.
5. கால்சட்டைப் பைகள், மடித்துத் தைத்த ஓரங்கள், காலுறைகள். துவைத்துக் காய்ந்த துணியைத் தரையில் போடாமல் நேரே மூடும் உறையில் போட்டுக் கட்டுங்கள்.
6. சாமான்களை அட்டைப்பெட்டியில் கொண்டுபோகாதீர்கள். கரப்பானும் எறும்பும் அதன் மடிப்புகளில் முட்டையிடும்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் வீட்டுப் பழக்கம் கொஞ்சம் இடிக்கும். தக்காளி, கொய்யா, மிளகாய் போன்ற விதையுள்ள எதுவும் கரைக்கு வரக் கூடாது. கொட்டை நீக்காத புளி, வழிக்குக் கட்டிய புளியோதரையில் தங்கிவிட்ட காய்ந்த மிளகாய், இவையெல்லாம் இதில் அடங்கும். பொதுவாகக் கரையில் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டு, சாப்பாட்டைக் கப்பலில் வைத்துக்கொள்வது நல்லது.

கப்பலிலும் இறங்குவதற்கு முன் ஒரு சோதனை நடக்கும். காலணியைக் கிருமிநாசினித் தொட்டியில் நனைத்துவிட்டுத்தான் ரப்பர் படகில் ஏற விடுவார்கள். அஸம்ப்ஷனில் நடந்த காலணியோடு அல்டாப்ராவில் இறங்குவதாக இருந்தால், நடுவில் மறுபடியும் முதலிலிருந்து சுத்தம் செய்ய வேண்டும். பயணிகளும் சரி, கப்பல்காரர்களும் சரி, அடிக்கடி கோட்டைவிடுவது இந்த இரண்டாவது சுற்றைத்தான்.

காலுக்கும் உடலுக்கும்

அல்டாப்ராவின் தரை மண்தரை அல்ல. கடலிலிருந்து மேலெழுந்த பழைய பவளப்பாறை. கடல்மட்டத்துக்கு மேல் சுமார் எட்டு மீட்டர்தான் இந்தப் பாறை உயர்ந்து நிற்கிறது. ஆனாலும் நடப்பது மலை ஏறுவதைவிடக் கடினம். மழைநீர் அரித்து அரித்து, கத்தி முனைகளும் குழிகளுமாக நிற்கும் பரப்பை அங்கே ஷாம்பின்யோன் என்கிறார்கள். தட்டினால் கணீரென்று ஒலிக்கும். சில இடங்களில் மேல்தட்டு மெல்லியது, காலை வைத்தால் உடைந்து உள்ளே போகும். விழுந்தால் கையைத்தான் ஊன்றுவோம், உள்ளங்கை கிழியும்.

ஆகவே கணுக்காலை மூடும், அடிப்பாகம் தடித்த காலணி ஒரு ஜோடி. கரையிறங்க, நனைந்தாலும் கழராத நீர்க்காலணி இன்னொரு ஜோடி. ரப்பர்ச் செருப்பு வேண்டவே வேண்டாம். தோட்ட வேலைக் கையுறை ஒன்று. முழுக்கை மெல்லிய சட்டை, முழுக்கால்சட்டை, கழுத்தை மறைக்கும் தொப்பி. தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர், அதோடு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு. நிலையத்தில் இருப்பது சேமித்த மழைநீர். அதைக் கேட்டு வாங்கிக் குடிப்பது முறையல்ல.

கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள், தலைசுற்றல் மாத்திரையைக் கப்பல் கிளம்பும் முந்தின இரவே ஆரம்பிக்க வேண்டும். வாந்தி வந்த பிறகு விழுங்கினால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். எந்த மாத்திரை என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

கரை இறங்கும் நாள்

கப்பல் பவளப்பாருக்கு வெளியே நிற்கும். ரப்பர் படகு முழங்கால் ஆழம் வரை கொண்டுவிடும், அங்கிருந்து நடை. படகின் விளிம்பில் உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் கடல்பக்கமாகத் திருப்பி, படகோட்டி சொன்ன பிறகு, அலை பின்வாங்கும்போது சறுக்கி இறங்குங்கள். எழுந்து நின்று குதிக்காதீர்கள். தண்ணீரில் காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் மணலோடு இழுத்து நடங்கள். புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வு கேட்டு விலகிவிடும். கணுக்கால் தண்ணீரில் குட்டிச் சுறாக்கள் சுற்றிவரும். கருமுனைச் சுறா போன்றவற்றின் குட்டிகள், ஒரு மீட்டருக்குள்தான் இருக்கும். அவற்றுக்கு உங்கள்மேல் அக்கறை இல்லை.

காலையில் இறங்கினால் மணலில் கரையேறித் திரும்பிய பேராமைகளின் தடங்களைப் பார்க்கலாம், டிராக்டர் ஓட்டியதுபோல இருபுறமும் வரிவரியாக. பச்சை ஆமை என்றும் சொல்லப்படும் இவற்றை இங்கே பல பத்தாண்டுகள் கறிக்காகக் கொன்று ஏற்றுமதி செய்தார்கள். 1968இல் பாதுகாப்பு வந்தது. அதற்குப் பிறகு முட்டையிட வருபவை பல மடங்கு பெருகிவிட்டன. தடத்தின் மேல் நடக்க வேண்டாம். நிலையத்தார் தினமும் அதை எண்ணிப் பதிவு செய்கிறார்கள், நீங்கள் மிதித்தால் கணக்கு கெடும்.

பயணிகள் இரவு தங்குவது கப்பலில்தான். கரையில் இருக்கும் நேரம் முழுக்க நிலைய ஊழியர் ஒருவர் கூடவே வருவார். பாதையைவிட்டு விலகக் கூடாது என்று அவர் சொன்னால் விலகக் கூடாது.

பிக்காரில் பழைய குடியேற்றம் இருந்த இடத்தில் தென்னையும் சவுக்கும் நிற்கின்றன. ராட்சத ஆமைகளைப் பார்க்க அதுவே போதும். ஆனால் நேரம் பார்த்துப் போக வேண்டும். விடிந்ததும் மேய ஆரம்பிக்கும் ஆமை, வெயில் ஏறுமுன் நிழலுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஓட்டுக்குள் இருக்கும் உடல் சூடேறிவிட்டால் தணிக்க அதனிடம் வழியில்லை. நிழல் கிடைக்காத ஆமை வெந்து செத்துப்போகும். ஆகவே 7 மணிக்குள் இறங்கி, 10 மணிக்குள் நடையை முடியுங்கள். நிழலை நோக்கி நகரும் ஆமைக்குக் குறுக்கே நின்று படம் எடுக்காதீர்கள். உங்களுக்கு அரை நிமிடம். சுற்றிக்கொண்டு போக அதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ!

அருகில் மண்டியிட்டுப் பொறுமையாக இருந்தால் இன்னொன்றும் பார்க்கலாம். பாறைக் குழியில் அரை அங்குலம் மழைநீர்தான் தேங்கியிருக்கும், வாயை வைத்து உறிஞ்சப் போதாது. ஆமை மூக்கை அதில் அமிழ்த்தி, நாசித் துளை வழியாகவே தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

தொடாதீர்கள். கழுத்தைத் தடவினால் நான்கு காலிலும் எழும்பி நின்று கழுத்தை நீட்டும் என்பது உண்மைதான். அதற்காகவே தடவுகிறவர்கள் உண்டு. உங்கள் கையிலிருக்கும் கிருமியும் களிம்பும் அதற்கு வேண்டாதவை. பையைத் தரையில் வைக்காதீர்கள், எதைக் கண்டாலும் கடித்துப் பார்க்கும் பிராணி அது.

தொண்டை வெளுத்த அல்டாப்ரா நீர்க்கோழி வேறு ரகம். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதியில் பறக்கும் திறனை இழந்த பறவைகளில் இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். பிக்காரில் பூனையால் ஒழிந்துபோய், பூனையை அகற்றிய பிறகு 1999இல் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். தேடிப்போக வேண்டாம், நின்ற இடத்தில் நில்லுங்கள். அதுவே வந்து காலணிக் கயிற்றைக் கொத்திப் பார்க்கும். சுமார் 1,36,000 ஆண்டுகளுக்கு முன் அல்டாப்ரா முழுதும் கடலில் மூழ்கியது. அதற்கு முன்பும் இங்கே பறக்காத நீர்க்கோழி இருந்தது, பின்பும் இருக்கிறது. இரண்டு காலத்துக்கும் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. மடகாஸ்கர் பக்கத்திலிருந்து பறந்து வந்த அதே இனம், இரண்டு முறை இறக்கையை இழந்திருக்கிறது என்று 2019இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அப்படிப்பட்ட பறவைக்கு ரொட்டித் துண்டு போடாதீர்கள்.

தென்னை நண்டைப் பகலில் பொந்துகளில் பார்க்கலாம். நான்கு கிலோ வரை வளரும், தேங்காயையே உரிக்கும் இடுக்கி. பொந்துக்குள் கை விட வேண்டாம்.

காயலுக்குள் போவது

இதற்கு ஒரு நாளைத் தனியாக வையுங்கள். வளையத்தின் நான்கு பெரிய தீவுகளான பிக்கார், பொலிம்னி, மலபார், கிராண்ட் டெர் ஆகியவற்றுக்கு நடுவில் கிடக்கிறது காயல். வளையம் சுமார் 34 கிலோமீட்டர் நீளம், பதினான்கரை கிலோமீட்டர் அகலம். இவ்வளவு தண்ணீரும் தினம் இரண்டு முறை சில வாய்கள் வழியாக உள்ளே வந்து வெளியே போகிறது. பெரிய வாய் பிக்காருக்கும் பொலிம்னிக்கும் இடையிலுள்ள கிராண்ட் பாஸ். கிழக்கே மலபாருக்கும் கிராண்ட் டெருக்கும் நடுவில் ஹுவாரோ. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 3 மீட்டர். அப்போது வாய்களில் ஓடும் தண்ணீரை எதிர்த்து யாராலும் நீந்த முடியாது.

கணக்கு இப்படி. வெளிக்கடலில் வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஆனால் காயல் உடனே திரும்பாது. வெளிக்கடல் வற்றி முடிந்து ஏறத் தொடங்கிய பிறகும், உள்ளே தேங்கிய தண்ணீர் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வெளியே வந்துகொண்டே இருக்கும். காலை 6 மணிக்கு வற்றம் என்று அட்டவணை சொன்னால், 6:15க்கு வாயில் இறங்குகிறவரைத் தண்ணீர் நடுக்கடலுக்குத் தள்ளும். 8 மணிக்குச் சுமாராக ஓட்டம் உள்நோக்கித் திரும்பியிருக்கும். அட்டவணையை மட்டும் நம்பாதீர்கள். படகை வாயின் ஓரத்தில் நிறுத்தி, மிதக்கும் இலையோ நுரையோ எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு இறங்குங்கள். நிலைய ஊழியர் சொல்லும் நேரமே கடைசி வார்த்தை.

உள்ளே போகும் ஓட்டத்தில் மிதந்து போவதுதான் அல்டாப்ராவின் பெரிய விருந்து. கலவாய், ஊழி, சுறா, சில சமயம் யானைத்திருக்கை, எல்லாம் உங்களோடு சேர்ந்து காயலுக்குள் வரும். செய்ய வேண்டியவை சில:

- உள்நோக்கிய ஓட்டத்தில் மட்டுமே இறங்குவது. வெளிநோக்கிய ஓட்டத்தில் எந்தக் காரணத்துக்காகவும் இல்லை.
- படகோட்டி இயந்திரத்தை அணைக்காமல், குழுவுக்குப் பின்னாலேயே வருவது. ஒரு படகுக்கு எட்டுப் பேருக்குமேல் வேண்டாம். ஒருவர் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.
- ஜோடியாகப் போவது. ஒருவர் பின்தங்கினால் மற்றவர் நீந்திப் போகக் கூடாது. இருவரும் கையை உயர்த்திப் படகை அழைக்க வேண்டும்.
- பாறையைப் பிடித்து நிற்க முயலாதிருப்பது. ஓட்டம் கையைப் பிய்த்துவிடும்.
- பளிச்சென்ற நிறத்தில் காற்றடைத்த அடையாளக் குழாய் ஒன்று ஒவ்வொருவரிடமும்.

காயலுக்குள் படகு பயணம் என்றால் ஏறும் தண்ணீரில் நுழைந்து, இறங்கத் தொடங்கும் முன் திரும்பிவிட வேண்டும். தாமதித்தால் காயலின் பெரும்பகுதி சேறும் பாறையுமாகத் தலைகாட்டும். படகு தரைதட்டினால் அடுத்த ஏற்றம் வரை வெயிலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அடிப்பகுதி அரிபட்டு, தலை பெருத்து நிற்கும் காளான் பாறைகள் ஏற்றத்தில் தண்ணீருக்குச் சற்றுக் கீழே மறைந்திருக்கும். இயந்திர விசிறி முறிவது பெரும்பாலும் இவற்றில்தான்.

மலபார் ஓரத்துக் கண்டல் காட்டில் ஃப்ரிகேட், செங்கால் பூபி ஆகிய கடற்பறவைகள் ஒன்றாகக் கூடு கட்டியிருக்கும். இந்தியப் பெருங்கடலின் மிகப் பெரிய ஃப்ரிகேட் குடியிருப்புகளில் ஒன்று இது. தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, பேச்சையும் குறைத்துக்கொள்ளுங்கள். படகு நெருங்கினால் பூபி எழும்பும். எழும்பிய நொடியில் கூட்டுக் குச்சியையும் முட்டையையும் ஃப்ரிகேட் கொண்டுபோகும். ஆக, நீங்கள் கலைத்ததற்கான விலையைப் பூபி கொடுக்கும். டிரோன் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தனி அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது.

உடம்புக்கு ஏதாவது ஆனால்

மருத்துவமனை மாஹேயில்தான். அவசரம் என்றால் படகில் திறந்த கடலைத் தாண்டி அஸம்ப்ஷன், அங்கே விமானம் வரக் காத்திருப்பு, பிறகு மாஹே. எல்லாம் சரியாக அமைந்தாலும் நாள் முழுக்க ஆகும். இரவில், கொந்தளிப்பில், இதுவும் நடக்காது. ஆறு மாதத்துக்குள் இதய சிகிச்சை செய்துகொண்டவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள் இந்தப் பயணத்தைத் தள்ளிவைப்பதே சரி.

பவளக் கீறல் சின்னதாகத் தெரியும், இரண்டாம் நாள் சீழ் பிடிக்கும். குடிக்கும் தண்ணீரால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, உள்ளிருக்கும் துணுக்கை எடுத்து, கிருமிநாசினி போட்டு, உலர வைத்துக் கட்டுங்கள். அன்று மறுபடி கடலில் இறங்க வேண்டாம். கல்மீன் முள்ளோ திருக்கை முள்ளோ குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேற்படாத வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்த வேண்டும். வலியால் சூடு தெரியாது, ஆகவே இன்னொருவர் கைவிட்டுச் சரிபார்க்க வேண்டும். கூம்புச் சங்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் கையில் எடுக்காதீர்கள். அதன் கொட்டு ஆளைக் கொல்லும்.

முக்குளிக்கிறவர்கள் வழக்கத்தைவிட ஆழத்தையும் நேரத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆழத்திலிருந்து வேகமாக மேலேறி உடம்பில் நைட்ரஜன் குமிழி கட்டினால் சிகிச்சை தரும் அழுத்த அறை 1,100 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. நைட்ரஜன் ஏறிய உடம்போடு விமானத்தில் ஏற்றினால் நிலைமை மோசமாகும்.

திரும்பும்போது

சங்கு, பவளத்துண்டு, ஆமை ஓட்டுச் சில்லு, இறகு, எலும்பு, மணல் எதுவும் எடுக்கக் கூடாது. கரையில் செத்து ஒதுங்கியதற்கும் இதே விதி. மாஹேயில் பிடிபட்டால் அபராதம். அங்கே தப்பினாலும், சென்னை விமான நிலையத்தில் பவளம் சிக்கினால் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு வரும். "அங்கே கடையில் வாங்கினேன்" என்ற விளக்கம் ரசீதும் அனுமதிச் சான்றும் இல்லாமல் எடுபடாது.

எடுக்கக் கூடியது குப்பை ஒன்றுதான், அதையும் கேட்டுவிட்டு. 2019இல் 12 தன்னார்வலர்கள் ஐந்து வாரம் உழைத்து இந்தக் கரையிலிருந்து 25 டன் பிளாஸ்டிக்கை அகற்றினார்கள். கரையில் ஒதுங்கிக் கிடப்பது சுமார் 500 டன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எடையில் பெரும்பங்கு மீன்பிடி வலையும் கயிறும். எண்ணிக்கையில் ரப்பர்ச் செருப்புகளும் ஏராளம். இந்தப் பெருங்கடலின் எந்தக் கரையில் விட்டதும் அங்கே போய்ச் சேரலாம், நம் கரை உட்பட. ஆனால் கரையில் பல நாள் கிடந்த வலைக்கட்டுக்குள் நண்டும் பல்லியும் குடியேறியிருக்கும். அதைத் தூக்கிக் கப்பலில் போட்டுக்கொண்டு அடுத்த தீவில் இறங்கினால், பிராணிகளைத் தீவு மாற்றிய குற்றம் உங்களுடையதாகிவிடும். ஊழியர் காட்டும் பொருளை, அவர் காட்டும் இடத்தில் சேர்த்து வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.